ஜியோலைட்டும் கல் உப்பும்: ஒரு கேனிஸ்டர் ஃபில்டரின் கூடை வரிசை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மீன் தொட்டிப் பராமரிப்பு என் தொழில். இங்கே எழுதுவது வட சென்னையில் ஒரு வீட்டுத் தொட்டியில் நடந்தது. அந்தத் தொட்டியை நான் வைத்துக் கொடுக்கவில்லை. ஆனால் அதில் நேர்ந்த இழப்பில் என் பங்கு உண்டு. அதனால்தான் முழுதாக எழுதுகிறேன்.

வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவருடைய மகன் குடும்பமும் இருக்கிறார்கள். தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சரளைக் கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக, தண்ணீர் சுமார் 220 லிட்டர். மீன்கள் எட்டு, எல்லாமே ஒரண்டா தங்கமீன், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. ஜனவரியில் தொட்டி வைத்தபோதே நான்கு கூடை கொண்ட கேனிஸ்டர் ஃபில்டரையும் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) வாங்கியிருக்கிறார்கள். பெட்டியில் மணிக்கு 1400 லிட்டர் என்று அச்சிட்டிருந்தது.

கடைக்காரரே கூடைகளை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். அடியில் வெள்ளைப் பஞ்சு, அதற்கு மேல் ஆக்டிவேட்டட் கார்பன், அதற்கும் மேல் ஜியோலைட் என்ற கனிமத் துண்டுகள், உச்சியில் செராமிக் வளையங்கள். கார்பனும் ஜியோலைட்டும் வலைப் பையில் தலா ஒரு கிலோ.

பராமரிப்பில் குறை சொல்ல முடியாத வீடு. வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினார்கள். மாதம் ஒரு முறை கேனிஸ்டரைத் திறந்து பஞ்சை மாற்றினார்கள். செராமிக் வளையங்களைக் கிருமி போகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, மொட்டை மாடியில் வடாம் காயப்போடுவது போல வெயிலில் பரப்பிக் காயவைத்துத் திரும்பப் போட்டார்கள். ஏழு மாதம் மீன்கள் நன்றாகவே இருந்தன. மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மீன் நன்றாக இருக்கும்போது யாருக்கும் அது தோன்றுவதில்லை.

ஆகஸ்ட்: போனில் கேட்ட ஆலோசனை

ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை காலையில் அந்த அம்மா போன் செய்தார். தெரிந்த குடும்பம், அவ்வப்போது சந்தேகம் கேட்பார்.

"தம்பி, ரெண்டு மீன் மேல ரவை தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கு. கல்லுல போய் உடம்ப உரசுது."

"வெள்ளைப்புள்ளி நோய்தாம்மா. பயப்படாதீங்க. அயோடின் இல்லாத கல் உப்பு இருக்கா? லிட்டருக்கு மூணு கிராம் கணக்கு. உங்க தொட்டிக்கு 660 கிராம் வரும். ரெண்டு பங்காக்கி, இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி, கரைச்சு மெதுவா ஊத்துங்க."

அளவு சரியான அளவுதான். தங்கமீன்கள் அந்த உப்பைத் தாங்கும். நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: ஃபில்டருக்குள் என்ன இருக்கிறது?

அவர் சொன்னபடியே செய்தார், சமையலறைத் தராசில் நிறுத்து. ஞாயிறு மாலை இரண்டாம் பங்கு போனது. திங்கள் காலை ஆறு மணிக்கு மறுபடி போன். எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, ஒன்று தரையில் சாய்ந்து கிடக்கிறது என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் சாய்ந்து கிடந்த மீன் இறந்துவிட்டது.

முதல் நாள் கண்டது

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. வாடை இல்லை. மீன்களின் துடுப்பு ஓரங்களில் நூல் நூலாகச் சிவப்பு ஓடியிருந்தது. செவுள் மூடிகள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தன.

சொட்டு மருந்துச் சோதனையில் அம்மோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம். நைட்ரைட் 0.5. பி.எச். 8.0. வெப்பம் 29 டிகிரி. இந்த பி.எச்.சிலும் வெப்பத்திலும் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 7 சதவீதம் நச்சான கட்டற்ற அம்மோனியாவாக நிற்கும். அதாவது லிட்டருக்கு 0.28 மில்லிகிராம். 0.05ஐத் தாண்டினாலே செவுளுக்குக் கேடு என்று வைத்துக்கொள்ளும் பொருள் அது. பி.எச். 7 ஆக இருந்திருந்தால் இதே 4 மில்லிகிராமில் நச்சுப் பங்கு இப்போது இருந்ததில் பத்தில் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். சென்னையில் பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீர் கலக்கிறது. அந்தக் கடின நீரில் நமக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை.

இவ்வளவு அம்மோனியா இரண்டு நாளில் எங்கிருந்து வந்தது? கல்லுக்குப் பின்னால் மீன் எதுவும் செத்துக் கிடக்கவில்லை; எண்ணிப் பார்த்தோம். தீனி கூடவில்லை. குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன், அம்மோனியா பூஜ்யம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை உப்பு கொன்றுவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். லிட்டருக்கு மூன்று கிராம் உப்பில் அப்படி ஒரேயடியாகச் சாவதில்லை. செத்திருந்தாலும் கணக்கு உதைத்தது. தினமும் 10 கிராம் தீனி போடுகிறார்கள், அதில் புரதம் 38 சதவீதம். மீன் வளர்ப்பில் பயன்படுத்தும் வழக்கமான கணக்குப்படி தீனியின் எடையைப் புரதப் பங்கால் பெருக்கி, மறுபடி 0.092ஆல் பெருக்கினால் அன்றைய அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். இங்கே 0.35 கிராம். 220 லிட்டரில் அது ஒரு நாளைக்கு லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். சோதனை மருந்து அம்மோனியாவை வேறு அலகில் காட்டுகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும், இரண்டாம் பங்கு உப்பு போய் ஒரு இரவுக்குள் இந்த நிலைமை வர அன்றன்றைய கழிவு மட்டும் போதாது. ஏற்கெனவே எங்கோ சேர்ந்திருந்தது வெளியே வந்திருக்க வேண்டும்.

கேனிஸ்டரில் என்னென்ன இருக்கிறது என்று அப்போதுதான் கேட்டேன். அந்த அம்மா வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஜியோலைட்ட மட்டும் மாசம் ஒரு தடவை உப்புத் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறவச்சுத்தான் திரும்பப் போடுவோம் தம்பி. அதுல பிடிச்சிருக்கற அம்மோனியா அப்பதான் கழண்டு வரும்னு கடையில சொன்னாங்க" என்றார்.

காரணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. சொல்லும்போது அவருக்கும் பொறிதட்டியிருக்க வேண்டும். சட்டென்று நிறுத்திவிட்டார்.

ஜியோலைட் எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான கனிமம். தொட்டிகளுக்கு விற்பது பெரும்பாலும் கிளினோப்டிலோலைட் என்ற வகை. அதன் நுண்துளைகளில் சோடியம் போன்ற அயனிகள் ஒட்டியிருக்கும். அம்மோனியம் வரும்போது சோடியத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் சோடியம் மிகுந்துவிட்டால் இதே வேலை தலைகீழாக நடக்கும். வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து அவர்கள் மாதாமாதம் செய்ததைத்தான் அந்த ஞாயிறு என் பேச்சைக் கேட்டுத் தொட்டிக்குள்ளேயே செய்திருந்தார்கள். மீன்கள் உள்ளே இருந்தன.

உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டு தம்ளரில் குழாய்த் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரு கைப்பிடி ஜியோலைட்டைப் போட்டு, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி கல் உப்பு சேர்த்தோம். அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் உப்பில்லாத தம்ளரில் மஞ்சளில் இலேசாகப் பச்சை கலந்த நிறம். உப்புத் தம்ளரில் மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் கரும்பச்சை, அம்மோனியா மிகுதி என்பதன் அடையாளம். மகனும் பேத்தியும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கேனிஸ்டரைத் திறந்தபோது

ஜியோலைட் பிரச்சினையின் பாதிதான். ஏழு மாதமாக ஓடும் ஃபில்டரில் பாக்டீரியா நிலைபெற்றிருந்தால் ஜியோலைட்டில் பிடிக்க இவ்வளவு அம்மோனியா மிஞ்சியிருக்காது. அதனால் கழற்றும் முன் ஓட்டத்தை அளந்தேன். வெளியேறும் குழாயை 10 லிட்டர் வாளிக்குள் விட்டு, நிரம்ப எவ்வளவு நேரம் என்று கைபேசியில் பார்த்தோம். 95 விநாடி. மணிக்கு 380 லிட்டர்கூட வரவில்லை. பெட்டியில் அச்சிட்ட எண் மீடியா (கூடைகளில் நிரப்பும் வடிகட்டுப் பொருள்கள்) இல்லாமல் வெறும் பம்புக்கு உரியது, அதை யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் அதில் கால் பங்கு என்பது மோசம்.

அடிக்கூடைப் பஞ்சின் கீழ்ப்பக்கம் முழுக்க, ஆறிய கஞ்சியில் ஆடை படிவது போலப் பழுப்பாக ஒரு படலம். பஞ்சை மாற்றிப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. மேல்பக்கமோ வெள்ளை வெளேரென்று இருந்தது. அழுக்கு முதல் அரை அங்குலத்திலேயே அடைத்துக்கொண்டு தண்ணீருக்கு வழி விடவில்லை. தண்ணீர் அப்புறம் எங்கே போயிற்று என்றால், கூடைக்கும் கேனிஸ்டர் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில். சுவரெல்லாம் வழவழப்பு, அந்த இடுக்கில் மட்டும் தண்ணீர் ஓடித் தேய்த்த தடம் கோடு கோடாகச் சுத்தமாகத் தெரிந்தது. அதாவது கிடைத்த 380 லிட்டரிலும் ஒரு பங்கு எந்த மீடியாவையும் தொடாமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

உச்சிக்கூடையில் ஒரு செராமிக் வளையத்தை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். கழுவி வைத்த பீங்கான் தட்டைத் தேய்த்தால் வருமே, அந்தக் கீச்சுச் சத்தம் வந்தது. ஓடுகிற ஃபில்டரில் இருக்கும் வளையம் இளம்பழுப்பு ஏறி, தொட்டால் மெல்ல வழுக்க வேண்டும். இது ஏழு மாதத்துக்குப் பிறகும் புதிது போலவே இருந்தது. அதே சமயம் தொட்டித் தரையிலிருந்து எடுத்த சரளைக் கல் நன்றாக வழுக்கியது. இந்தத் தொட்டியில் இருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் சரளையில்தான் குடியிருந்தது. மிஞ்சிய அம்மோனியாவை ஜியோலைட் பிடித்து வைத்தது, வாரத் தண்ணீர் மாற்றம் கொஞ்சம் கரைத்து வெளியேற்றியது. மூன்றும் சேர்ந்து ஏழு மாதம் ஓட்டியிருக்கின்றன.

வளையங்களில் எதுவும் வளராததற்குக் கொதிநீர் முதற்காரணம். இரண்டாவது காரணம் ஓட்டம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் வரை மாற்ற பாக்டீரியாவுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் வருவது ஓடும் தண்ணீரோடு மட்டும்தான். ஓட்டம் குறைந்தால் மேல்கூடையில் எவ்வளவு உயர்ந்த மீடியா இருந்தாலும் அது பட்டினி கிடக்கும்.

எடுத்த முடிவுகள்

அன்றே செய்தவை: ஜியோலைட் வெளியே. குளோரினை நீக்கும் ஹைப்போ கலந்து, வெப்பம் பொருத்தி, பாதித் தண்ணீர் மாற்றம். இரண்டு காற்றுக் கற்கள். மூன்று நாள் தீனி கிடையாது.

உப்பை என்ன செய்வது என்பதில்தான் பேச்சு நீண்டது. "உப்பாலதானே வந்துச்சு, எல்லாத் தண்ணியையும் மாத்திடலாமே சார்" என்றார் மகன். நான் வேண்டாம் என்றேன். ஜியோலைட் வெளியே போனபின் அந்த உப்பால் தீங்கு இல்லை. வெள்ளைப்புள்ளி இன்னும் மீன் மேலேயே இருந்தது. அதோடு, பாக்டீரியா புதிதாகப் பிடிக்கும்போது அம்மோனியாவை அடுத்து நைட்ரைட் ஏறும். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். ஆகவே மாற்றும் தண்ணீருக்கும் அதே கணக்கில் உப்பைக் கரைத்து ஊற்றினோம்.

பி.எச்.சைக் குறைக்க எலுமிச்சைச் சாறு விடலாமா என்று பக்கத்து வீட்டார் சொன்னதை மறுத்தேன். கடின நீர் அமிலத்தைத் தாங்கித் தாங்கிக் கடைசியில் ஒரேயடியாக இறங்கும். நொந்திருக்கும் செவுளுக்கு அந்த இறக்கம் இன்னொரு அடி.

கூடை வரிசையை அன்றே மாற்றலாமா? பொதுவாக எல்லா மீடியாவையும் ஒரே நாளில் தொடக்கூடாது. பாதியை வைத்துக்கொண்டு பாதியை மாற்றுவதுதான் முறை. இங்கே வளையங்களில் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்பதைக் கையால் தொட்டே பார்த்துவிட்டோம். எனவே ஃபில்டரை முழுதாகக் கலைத்து அடுக்கத் துணிந்தேன். அதற்குப் பதில் சரளையைத் தொடக்கூடாது, குழாய் விட்டு உறிஞ்சக்கூடாது, மூன்று வாரம் அப்படியே கிடக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இருந்த பாக்டீரியா எல்லாம் அதில்தான் இருந்தது.

புதிய வரிசை

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்பதை. எல்லா கேனிஸ்டரும் ஒன்று போல இல்லை. சிலவற்றில் பக்கவாட்டு ஸ்பாஞ்ச் வழியாக நுழைந்து பிறகு கூடைகளுக்குப் போகும். மோட்டாரின் விசிறி உறிஞ்சும் இடத்துக்கு மிக அருகில் இருப்பது கடைசிக் கூடை. தண்ணீர் வந்து சேரும் முனையில் இருப்பது முதல் கூடை. இந்தக் கேனிஸ்டரில் தண்ணீர் ஓரத்துக் குழாய் வழியாக அடிவரை இறங்கி, அங்கிருந்து நான்கு கூடைகளையும் கடந்து மேலேறி மோட்டாருக்குப் போகிறது. அப்படியானால் அடிக்கூடைதான் முதல் கூடை.

அடிக்கூடையில் பெரிய துளை ஸ்பாஞ்ச் வைத்தேன், அங்குலத்துக்கு 20 துளை கொண்டது. கழிவுக் கட்டி, தீனித் துணுக்கு எல்லாம் இதில் நிற்கும். ஆழம் முழுக்க அழுக்கைப் பிடிக்கும், மேற்பரப்பில் மட்டும் அடைக்காது. இரண்டாம் கூடையில் அங்குலத்துக்கு 30 துளை கொண்ட ஸ்பாஞ்ச். இரண்டும் சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரில் தாளாகக் கிடைக்கும். ரொட்டிக் கத்தியால் கூடையின் உள்ளளவைவிட எல்லாப் பக்கமும் கால் அங்குலம் கூட வைத்து வெட்டி, அழுத்தி இறக்கினேன். அந்தக் கால் அங்குலம்தான் தண்ணீர் ஓரமாக நழுவாமல் தடுக்கிறது. கூடைகளுக்கு நடுவேயுள்ள ரப்பர் விளிம்புகளில் ஒன்று மடங்கிக் கிடந்தது, அதையும் நிமிர்த்தி உட்காரவைத்தேன்.

மூன்றாவதிலும் நான்காவதிலும் அதே பழைய செராமிக் வளையங்கள், கூடப் புதிதாக ஒரு கிலோ. மகன் விலை உயர்ந்த நுண்துளைக் கண்ணாடி மீடியா வாங்கத் தயாராக இருந்தார். நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் நுண்துளைகள் வேலை செய்ய வேண்டுமானால் அழுக்கு முன்னாலேயே வடிகட்டப்பட்டிருக்க வேண்டும், ஓட்டமும் இருக்க வேண்டும். அந்த இரண்டும் அமைந்துவிட்டால் எட்டு தங்கமீனுக்குச் சாதாரண வளையமே போதும். பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் நன்றாக வாழும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நான்காம் கூடையின் உச்சியில், கடைசியாக, வெள்ளைப் பஞ்சு. முதலில் இருந்ததைக் கடைசிக்குக் கொண்டுபோனோம். பெரிய அழுக்கெல்லாம் போனபிறகு மிஞ்சும் தூசியை மட்டும் அது பிடித்தால் போதும்.

கார்பனை எடுத்துவிட்டேன். ஏழு மாதப் பழைய கார்பன் எப்போதோ நிறைந்திருக்கும். சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. மருந்து போட்டு முடித்தபின் மிச்சத்தை உறிஞ்ச வேண்டுமானால் புதுக் கார்பனைச் சில நாள் வைத்து எடுத்துவிடலாம். மருந்து போடும் நாட்களில் உள்ளே இருந்தால் மருந்தையே உறிஞ்சிவிடும்.

வீட்டில் என் தனித்தொட்டி ஒன்றில் ஐந்து மாதமாகப் புதுமீன் எதுவும் சேர்க்கவில்லை. அதில் ஓடி, பாக்டீரியா ஏறியிருந்த ஸ்பாஞ்சின் பாதியை ஈரம் காயாமல் கொண்டுவந்து இரண்டாம் கூடையில் வைத்தேன். நோய் வந்த தொட்டியின் ஸ்பாஞ்சையோ நேற்று மீன் வந்த கடைத் தொட்டியின் ஸ்பாஞ்சையோ இப்படி எடுக்கமாட்டேன்.

மூடி ஓட்டிப் பார்த்தோம். 10 லிட்டர் 42 விநாடியில் நிரம்பியது. மணிக்கு 857 லிட்டர்.

தொடர்ந்து நடந்தவை

நாலாம் நாள் இரண்டாவது மீன் இறந்தது. செவுள் ஏற்கெனவே வெந்துபோயிருந்தது. தண்ணீர் தேறியும் அதனால் மீள முடியவில்லை. பேத்தி அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

பத்து நாள் தினமும் 30 முதல் 40 சதவீதம் தண்ணீர் மாற்றம், அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அந்த அம்மா ஒரு பழைய கணக்கு நோட்டில் காலை, மாலை எண்களை எழுதி வைத்தார்; இந்தப் பகுதி அதிலிருந்துதான் எடுத்தது. முதல் நாள் தண்ணீர் மாற்றியபின் அம்மோனியா 2. ஆறாம் நாள் 1. தீனியை நாலாம் நாளிலிருந்து மூன்று கிராம் மட்டும் கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் அம்மோனியா 0.25, நைட்ரைட் 2. நைட்ரைட் அந்த அளவிலேயே நாலைந்து நாள் நின்றது. உப்பு இல்லாதிருந்தால் அந்த நாட்கள் மீன்களுக்குக் கடினமாக இருந்திருக்கும். பத்தொன்பதாம் நாள் அம்மோனியா பூஜ்யம், இருபத்தாறாம் நாள் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 40. ரவைப் புள்ளிகள் ஒன்பதாம் நாளே மறைந்துவிட்டன. ஆனாலும் அந்த நோயின் ஒட்டுண்ணி தரையில் முட்டை போல ஒட்டியிருக்கும் நிலைகள் முடியட்டும் என்று முழு அளவு உப்பை மேலும் ஒரு வாரம் வைத்திருந்து, பிறகு படிப்படியாகக் குறைத்தோம். ஆறு மீன்கள் பிழைத்தன.

நடுவில் நான் ஒரு தவறு செய்தேன். உச்சியில் பஞ்சை இரண்டு அங்குலக் கனத்தில் திணித்துவிட்டேன். ஆறாம் நாள் வாளியை நிரப்ப 70 விநாடி ஆனது, 514 லிட்டர். பாக்டீரியா பிடிக்க வேண்டிய முக்கியமான வாரத்தில் ஓட்டத்தை நானே நெரித்திருந்தேன். அரை அங்குலத் தாளாகக் குறைத்ததும் ஓட்டம் திரும்பியது. ஐந்தாம் வாரம் 46 விநாடி. மூன்றாம் மாதம் 50 விநாடி ஆனபோதுதான் அடி ஸ்பாஞ்சுகள் இரண்டையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசினோம். வளையங்களைத் திறந்து பார்த்ததோடு சரி. இளம்பழுப்பு ஏறியிருந்தது, விரலில் வழுக்கியது.

அக்டோபர் கடைசியில் மழையோடு ஒரு நாள் ஏழு மணி நேரம் மின்சாரம் போனது. ஓடாத கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உள்ளே அழுகிய தண்ணீரை மின்சாரம் வந்ததும் மோட்டார் அப்படியே தொட்டிக்குள் தள்ளும். இதை முன்பே சொல்லி வைத்திருந்ததால், இரண்டு மணி நேரம் ஆனதுமே மகன் கேனிஸ்டரைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி, கூடைகளை அகலப் பாத்திரத்தில் வைத்து, தொட்டித் தண்ணீர் மட்டம் தொடுமளவு ஊற்றி, பேட்டரிக் காற்றுப் பம்பை ஒன்று அதிலும் ஒன்று தொட்டியிலும் விட்டிருக்கிறார். மறுநாள் அம்மோனியா பூஜ்யம்.

மாற்றிக்கொண்டவை

போனில் நோயைப் பற்றிச் சொல்லும் யாரிடமும் இப்போது மருந்துக்கு முன் மூன்று கேட்கிறேன்: ஃபில்டரில் ஜியோலைட்டோ கார்பனோ இருக்கிறதா, அம்மோனியா கடைசியாக எவ்வளவு, ஃபில்டரை எப்படிக் கழுவுகிறீர்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களில் வெந்நீர் இன்னும் அடிக்கடி வருகிறது. சுத்தத்தில் அக்கறை உள்ளவர்கள்தான் இந்தத் தவறைச் செய்கிறார்கள், அதனால் சொல்லும்போது மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று போனில் இந்த மூன்றையும் கேட்டிருந்தால் ஜியோலைட் பையை முதலில் எடுக்கச் சொல்லிவிட்டு உப்பு போடச் சொல்லியிருப்பேன். அப்படி எடுத்திருந்தாலும் வெற்று வளையங்களோடு அம்மோனியா ஏறியிருக்கும்; ஆனால் நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் மாற்றிச் சமாளிக்கும் வேகத்தில். இரண்டு மீன்களும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதை அந்த அம்மாவிடமும் சொன்னேன்.

ஜியோலைட்டை நான் ஒதுக்கிவிடவில்லை. மீனை நெடுந்தூரம் கொண்டுபோகும் பையிலும் உப்பில்லாத தற்காலிகத் தொட்டியிலும் அது கைகொடுக்கும். நிரந்தரத் தொட்டியின் கேனிஸ்டரில் வைத்தால், பாக்டீரியா வேலை செய்கிறதா இல்லையா என்பதை அது மறைத்துவிடுகிறது. இந்த வீட்டில் ஏழு மாதம் மறைத்தது. போர் தண்ணீரின் கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்வதால் அதன் கொள்ளளவு சீக்கிரம் நிறைவதும் உண்டு. யாராவது கட்டாயம் வேண்டும் என்றால், பையின் முடிச்சில் "உப்பு போடுமுன் எடுக்கவும்" என்று ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கட்டிக் கொடுக்கிறேன்.

அந்த வீட்டில் அந்த ஒரு கிலோ ஜியோலைட் இப்போது உலர்த்தி டப்பாவில் இருக்கிறது. கேனிஸ்டரின் மூடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. அடியிலிருந்து மேலாக நான்கு கூடைகளின் பெயர், பக்கத்தில் தேதியும் வாளி நிரம்பிய விநாடியும், பேத்தியின் கையெழுத்தில். கடைசியாக நான் பார்த்தபோது எழுதியிருந்தது 45.